ஒரே காற்றுத்தான்: பதுளை வீதியால் மலைநாட்டுக்கு

சனி: செங்கலடியிலிருந்து பதுளை

ஓகஸ்ட் விடுமுறைக்கு மலைநாடு போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சுவெற்றர் எடுத்தாயிற்றா என்றுதான் விசாரித்தார்கள். எடுத்தாயிற்று. ஆனால் நான் பிள்ளைகளைக் கூட்டிப் போவது குளிருக்காக இல்லை. பூமி எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எங்கள் சின்னவன் போன வருடம் புலமைப்பரிசிலுக்குப் படித்தபோது உலகின் உயரமான மலை, ஆழமான கடல், வறண்ட பாலைவனம், குளிரான கண்டம் எல்லாவற்றையும் மீற்றர் கணக்கோடு ஒப்புவிப்பான். ஏன் அது அங்கே வறண்டு கிடக்கிறது, ஏன் இது இங்கே இவ்வளவு உயரம் என்று கேட்டால் பேசாமல் நிற்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. எவரெஸ்ட்டையும் அட்டகாமாவையும் அந்தாட்டிக்காவையும் அப்படி ஆக்கிய வேலைகளில் பல நம்முடைய மலைகளிலும் நடந்திருக்கின்றன, இன்றும் நடக்கின்றன, அளவுதான் சிறிது. ஒரு கிழமைக்குள் நடந்து பார்த்துவிடக்கூடிய அளவு.

ஆக, பெரியவள், சின்னவன், தங்கச்சியின் மகன், நான். மச்சான் தன் வானில் பதுளை வரை கொண்டு வந்து விட்டார். ஒரு வெப்பமானியும் கொப்பியும் பெரியவளின் பொறுப்பு.

செங்கலடிச் சந்தியைத் திரும்பும்போது காலை எட்டு மணிதான், அதற்குள் 31 பாகை. சிறுபோக அறுவடை முடிந்த வயல்கள், கச்சான் காற்று புழுதியை வாரி வானுக்குள் கொட்டுகிறது. மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, உதடு வெடிக்கும், துவைத்துப் போட்ட உடுப்பு அரை மணியில் காயும். பெரியவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, இது மேற்கே இருந்துதானே வருது? மேற்கே குளிரான மலைதானே இருக்கு? பிறகு ஏன் இப்படிச் சுடுது?"

நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்கிறேன், கொப்பியில் எழுதி வை என்றேன்.

மகாஓயாவில் இறங்கி வெந்நீரூற்றைப் பார்த்தோம். கிணறு கிணறாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒன்றில் கை வைக்கலாம், இன்னொன்றில் வைக்க முடியாது, 50 பாகைக்கு மேல் சூடு. தங்கச்சியின் மகனுக்குப் பயம், "பெரியம்மா, கீழே எரிமலை இருக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது, ஒரு கிலோமீற்றர் இறங்கினால் பூமி ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கூடுதலாகச் சுடும், அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் இன்னும் இன்னும் தோண்டினால்? தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் 1970 இல் துளைக்கத் தொடங்கி 1989 இல் 12,262 மீற்றர் ஆழம் போனார்கள், அங்கே பாறையின் சூடு 180 பாகை, அதற்கு மேல் துளைக்க முடியாமல் நின்றுபோனது. பூமியின் நடுவுக்குப் போக 6,371 கிலோமீற்றர் வேண்டும். அவர்கள் போனது வெறும் 12. சின்னவன் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிபிலைக்குப் பிறகு வீதி வளைய ஆரம்பித்தது. லுணுகலையில் 27 பாகை, பசறை தாண்டிப் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து 24. வளைவுகளில் தங்கச்சியின் மகன் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான், பாவம். இப்போது நித்திரை.

ஞாயிறு: பதுளையிலிருந்து அப்புத்தளை, கோச்சியில்

இன்றைக்கு முழுக்க ஏற்றம். பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், அப்புத்தளை 1,431. இந்தத் தண்டவாளம் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 இல்.

தெமோதரையில் பிள்ளைகளை யன்னல் பக்கம் நிறுத்தினேன். கோச்சி ஒரு சுரங்கத்துக்குள் போகிறது, வெளியே வந்து ஒரு குன்றைச் சுற்றுகிறது, சுற்றி முடித்து நிலையத்தில் வந்து நிற்கிறது, அந்த நிலையம் நாம் சற்று முன் நுழைந்த சுரங்கத்தின் தலைக்கு மேலே. சின்னவன் நம்பவில்லை. இறங்கி எட்டிப் பார்க்க வைத்தபிறகுதான் நம்பினான். ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? இந்தப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில்கூட 44 அடி ஓடினால் ஒரு அடிதான் உயர முடியும், அதற்கு மேல் செங்குத்தானால் இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். மலை அதைவிடச் செங்குத்து. அப்போது தூரத்தைக் கூட்டித்தான் உயரத்தை வாங்க வேண்டும். தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவர்களின் ஒற்றையடிப் பாதையும் வளைந்து வளைந்துதான் போகிறது, அதே காரணம்தான். பெரியவள் கொப்பியில் படம் வரைந்தாள், நன்றாகவே வந்திருக்கிறது.

1921 இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லோரும் படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். எல்லயில் மலைகள் இரண்டாகப் பிளந்த இடைவெளி வழியாகத் தெற்கே சமவெளி தெரிந்தது. அதைப் பற்றி நாளைக்கு.

அப்புத்தளையில் என் சிநேகிதி வீட்டில் தங்கல். கலாசாலையில் ஒன்றாகப் படித்தவள், இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறாள். பிள்ளைகளுக்கு அவள் "டீச்சர்". ராத்திரி ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும். "எங்க மலைய பாக்க இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள்.

திங்கள்: அப்புத்தளை

அப்புத்தளை ஒரு முகட்டில் நிற்கிற ஊர். பட்டணத்தில் சில இடங்களில் நின்றால் ஒரு பக்கம் ஊவாவின் மேடுகள், மறுபக்கம் தெற்கே அப்படியே கீழே இறங்கிப்போகிற நிலம். டீச்சரும் நாங்களும் காலையிலேயே ஓட்டோ பிடித்துத் தம்பேதன்னைத் தோட்டத்து வழியாக லிப்டன் சீற்றுக்குப் போனோம், ஏறத்தாழ 1,970 மீற்றர். தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தொழிற்சாலை கீழே இன்னும் ஓடுகிறது. ஒன்பது மணிக்குள் போனதால் மூட்டம் ஏறவில்லை, தெற்கே வெகு தூரம் வரை தெரிந்தது.

இங்கே நின்று பார்த்தால்தான் இலங்கை படி படியாக இருப்பது புரியும். கடலோரத்துச் சமவெளி ஒரு படி, அதற்கு மேல் 500 மீற்றர் அளவில் குன்றுகளும் மேடுகளும் இன்னொரு படி, பிறகு நாம் நிற்கிற இந்த உச்சிப் படி. 1929 இல் பிராங்க் அடம்ஸ் என்ற கனடியப் புவியியலாளர் இதை மூன்று அரிப்புச் சமவெளிகள் என்று எழுதினார். பின்னால் வந்த வாடியா என்ற இந்தியப் புவியியலாளர், அரிப்பு மட்டும் காரணமில்லை, நிலம் துண்டு துண்டாக மேலே உயர்த்தப்பட்டது என்றார். பெரிய ஆட்களே ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டதும் சின்னவனுக்கு ஒரே உற்சாகம், தானும் ஒரு காரணம் சொன்னான், யானைகளை வைத்து. எழுதிக்கொண்டேன். அவனைத் திருத்தவில்லை, எப்படி நிரூபிப்பாய் என்று மட்டும் கேட்டேன்.

வழியில் வெட்டிய பாறை ஒன்றில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டோம், மிளகளவு. அது கார்னட். இந்தச் சின்னச் சிவப்புப் பொட்டில்தான் நான் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். மன்னிக்க, இங்கே கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

மலைநாட்டின் பாறை பெரும்பாலும் முதலில் மண்ணும் சேறும் சுண்ணாம்பும் எரிகுழம்பும்தான். ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றையொன்று நெருக்கி மோதியபோது அவை 20 கிலோமீற்றருக்கும் கீழே அமுங்கிப் போய், அங்கே 700 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், உருகிப் போகாமலே, வேறு பாறையாக மாறின. கார்னட் அந்த அழுத்தத்தில் பிறந்த கல். ஆக, அதை நாம் வீதியோரத்தில் நின்று தொடுகிறோம் என்றால், அதன் மேலே இருந்த அத்தனை கிலோமீற்றர் பாறையும் மழையாலும் ஆற்றாலும் கரைந்து போயிருக்கிறது என்றுதான் பொருள். கோலாவில் அவர்கள் 12 கிலோமீற்றர் தோண்டிப் போனார்கள், இங்கே அதைவிட ஆழத்தில் இருந்தது தானாக மேலே வந்து கிடக்கிறது. இதைச் சொன்னபோது பெரியவள் அந்தப் பாறையில் இரண்டு கையையும் வைத்தாள்.

இன்னொன்று. அந்த மோதலின்போது இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் பக்கம் பக்கமாக ஒரே பெருநிலம், கோண்ட்வானா. நம்முடைய பாறையின் கூடப்பிறந்தவை இன்றைக்கு அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கின்றன. அந்தப் பனி சில இடங்களில் 4 கிலோமீற்றருக்கு மேல் தடிப்பு. அங்கே வொஸ்ரொக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று கழித்தல் 89.2 பாகை பதிவானது. ஒரே பாறைதான், ஒன்று தேயிலைக்குக் கீழே, ஒன்று பனிக்குக் கீழே.

அப்போது எவரெஸ்ட்? எவரெஸ்ட் வயதில் இளையது. இந்தியாவைச் சுமக்கிற பூமியோட்டுத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான், மோதல் இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் அவ்வளவு உயரம், 8,848.86 மீற்றர் என்று 2020 இல் அறிவித்தார்கள். அதன் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல், கடல் உயிர்களின் எச்சங்களோடு. கடலடி ஆகாயத்திலும், பூமியின் வயிறு அப்புத்தளை வீதியோரத்திலும் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது மறக்குமா? மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

பின்னேரம் டீச்சர் எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கொஸ்லந்தைப் பக்கம் கை காட்டினாள். 2014 ஒக்டோபர் 29 காலை, அந்தப் பக்கத்து மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை, வரிசை வீடுகளை, மூடிவிட்டது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே அடையாளம் கண்டிருந்தார்கள், இருந்தும் ஆட்கள் அங்கேயேதான் குடியிருந்தார்கள், வேறு காணியும் வீடும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. செங்குத்துச் சரிவு, அதன்மேல் முன்பே வழிந்து தேங்கிய இளகிய மண், ஆழமாக வேரோடுகிற மரங்கள் இல்லாத நிலம், நாட்கணக்கில் மழை. தண்ணீர் மண்ணுக்குள் நிரம்பினால் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிற உராய்வு விட்டுப்போகும், பாரமும் கூடும்.

"நீங்க பாத்துட்டுப் போயிருவீங்க. இங்க ராத்திரில மழ கொட்டுனா நாங்க தூங்க மாட்டோம்" என்றாள். அவள் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரமோ விளக்குக் கம்பமோ சரிதல், கதவு திடீரென இறுகுதல், இல்லாத இடத்தில் ஊற்று வருதல், ஊற்றுத் தண்ணீர் கலங்குதல், இதில் ஏதாவது கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லி வெளியேற வேண்டும். வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலில் அளவுகோல் ஒட்டி மழைமானியும் செய்து வைத்திருக்கிறார்கள் அவளுடைய மாணவர்கள். புவியியலை இதைவிட உயிரோடு யாரும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். மலைநாட்டைப் பற்றி எழுதுகிற நாம் மூட்டத்தையும் தேயிலையையும் எழுதிவிட்டு, அந்தச் சரிவில் இன்னமும் லயக் காம்பராவில் குடியிருப்பவர்களை எழுதாமல் விட்டால் அது பாதிப் புவியியல்.

செவ்வாய்: சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

பெரியவளின் கேள்விக்கு விடை சொல்கிற நாள் இது.

அப்புத்தளையிலிருந்து ஒஹியா வரை வெயில். காற்று வேகமாக அடிக்கிறது, ஆனால் காய்ந்த காற்று, பத்தனைப் புல் மஞ்சள் நிறம். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதும் இந்தக் காற்றுத்தான், ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை இந்த வறட்சியில் கொழுந்து மெல்ல வளரும், அப்போதுதான் அதன் தனி மணம் ஏறும். ஒஹியாவைத் தாண்டிப் பட்டிப்பொலைக்கு முன்னால் ஒரு சுரங்கம், அதையொட்டித்தான் இந்தப் பாதையின் உச்சி, 1,898 மீற்றர். பிள்ளைகளை எழுப்பி யன்னலில் வைத்தேன். இருட்டு. பிறகு வெளிச்சம், முகத்தில் சாரல், வெளியே ஒரே வெள்ளை. தங்கச்சியின் மகன் "மழை!" என்று கத்தினான், பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மழை. எப்போதும் இவ்வளவு துல்லியமாக நடக்காது, சில நாள் மூட்டம் இரண்டு பக்கமும் வழியும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். எங்களுக்கு அமைந்தது.

இப்போது விடை. இந்து சமுத்திரத்தில் இருந்து தென்மேற்கு மொன்சூன் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குச் சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. உயரத்தில் அமுக்கம் குறைவு, காற்று விரிகிறது, விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் நீராவி துளியாகும், மழை. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனால்தான். நீராவி துளியாகும்போது ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும், அதனால் ஏறுகிற ஈரக் காற்று மெதுவாகத்தான் குளிரும், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 பாகை. மலையைத் தாண்டி ஈரத்தை இழந்து இறங்கும்போது அமுங்கும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே அதே மாதிரி, காய்ந்த காற்று கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறும். பெரியவள் ரிக்கற்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். மேற்குக் கரையில் 28 பாகை. முதல் 500 மீற்றர் முகில் இல்லாமல், அதே 10 பாகை வீதம் குளிர்ந்து, ஏறினால் 23. அடுத்த 1,500 மீற்றர் மழையோடு ஏறினால் 15க்குச் சற்று மேல். அங்கிருந்து 2,000 மீற்றர் இறங்கினால் 35. "ஏழு பாகை கூடிட்டு!" என்றாள். "கச்சான் எங்கட ஊர்க் காற்றே இல்லை அம்மா, இது இந்த மழையில மிஞ்சினது."

நான் பாடம் நடத்தியிருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இது பிடிபட்டபின் உலகத்தைக் காட்டுவது எளிது. இதே தென்மேற்குக் காற்று வங்காள விரிகுடாவைத் தாண்டி மேகாலயா மலைகளில் முட்டுகிறது, அங்கே மௌசின்ராமில் சராசரி ஆண்டு மழை 11,872 மில்லிமீற்றர். இமயத்துக்குப் பின்னால் திபெத் காய்ந்து கிடக்கிறது. தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலை அமேசன் பக்கத்து ஈரத்தை மறித்துக்கொள்கிறது, மறுபக்கம் கடலில் குளிர்நீரோட்டம் ஓடுவதால் அந்தப் பக்கத்திலிருந்தும் மழை எழும்பாது, நடுவில் மாட்டிக்கொண்ட நிலம் அட்டகாமா. அங்கே அரிக்கா என்ற ஊரில் 1903 ஒக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. பதினான்கு வருடம். சின்னவன் பட்டியலில் மனப்பாடம் செய்த பாலைவனம் அது. இன்றைக்குத்தான் அவன் "ஓ, அது மலைக்குப் பின்னால இருக்கிற ஊரா" என்றான்.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியா. 1,868 மீற்றர், மாலையில் 16 பாகை. பையில் கிடந்த உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற் பலூன் போல ஊதியிருந்தது. இங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், பக்கற்றுக்குள் அடைபட்டது கடற்கரைக் காற்று. விடுதிக்கார அக்கா பருப்பு அவிய நேரம் எடுக்கும், பொறுங்க என்றார். தண்ணீர் இங்கே 100 இல் அல்ல, 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் போகாது. எவரெஸ்ட் உச்சியில் 70க்குச் சற்று மேலேயே கொதிக்கும், அங்கே சோறு வேகாது என்றதும் தங்கச்சியின் மகன் மலையேறுகிற ஆசையைக் கைவிட்டான்.

புதன்: ஓட்டன் சமவெளி

விடிய நாலரைக்கு வான். வாசலில் பையைத் திறந்து பிளாஸ்ரிக் உறைகளை எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைக் கடதாசியிலோ பெட்டியிலோ கட்டிக்கொண்டு போங்கள். சுற்றி வருகிற பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர், எட்டு வயதுப் பிள்ளை நடக்கும், ஆனால் இடையில் இருந்து இருந்துதான்.

2,100 மீற்றருக்கு மேலே இப்படியொரு தட்டையான புல்வெளி இருப்பதே பிள்ளைகளுக்கு விசித்திரம். மலை ஏறினால் முனை வரும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு மரை ஈரமான கொம்போடு பாதையோரத்தில் நின்று எங்களைப் பார்த்தது. 1988 இல் இது தேசியப் பூங்காவானது, 2010 இல் மத்திய மலைநாட்டின் மற்றக் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமையானது. காட்டுக்குள் மரங்கள் குள்ளம், கிளையெல்லாம் பாசி, மழையே இல்லாமல் இலைகளில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூட்டத்தை இலையும் பாசியும் பிடித்துச் சொட்ட வைக்கின்றன. இந்தச் சொட்டுகளும் சேர்ந்துதான் மகாவலி, களனி, வளவை மூன்றின் தலைப்பகுதியும் ஆகின்றன. அணையும் வாய்க்காலும் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தப் பாசியைப் பற்றி நாம் பேசுவதில்லை. பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்கிற கூட்டத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது.

சிவப்புப் பூ மரம் ஒன்றைக் காட்டினேன், ரொடொடென்ரன். இதன் இனத்தார் பெருமளவில் இருப்பது இமயத்தின் சரிவுகளில். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் சூடான சமவெளி, குளிர் தாங்குகிற செடிக்கு மலைநாடு ஒரு தீவுக்குள் இன்னொரு தீவு.

உலக முடிவில் ஏழரைக்கு முன் நின்றோம். முதலில் வெள்ளை மட்டும். காத்திருந்தோம், காற்று மூட்டத்தைக் கிழித்தது, கீழே தோட்டம், அதற்குக் கீழே வயல், ஒரு நூல் அளவுக்கு வீதி. 870 மீற்றர் அளவு வீழ்ச்சி, முழுவதும் நேர்செங்குத்து இல்லை, ஆனால் விளிம்பில் நிற்கும்போது அந்த வித்தியாசம் தெரியாது. மூன்று பேரையும் குப்புறப் படுக்க வைத்து எட்டிப் பார்க்க விட்டேன், கால்களை நானும் வான்காரத் தம்பியும் பிடித்துக்கொண்டோம். வெனிசுவேலாவின் ஏஞ்சல் நீர்வீழ்ச்சி 979 மீற்றர், உலகிலேயே உயரமானது, அதைக் கொண்டுவந்து இந்தச் சுவரில் வைத்தால் நம் தலைக்கு மேலே நூறு மீற்றர்தான் மிச்சம் இருக்கும் என்றேன். சின்னவன் கீழே பார்த்தான், பிறகு மேலே பார்த்தான். இனி அந்த எண் அவனுக்கு வெறும் எண் இல்லை.

எட்டரைக்கெல்லாம் மூடிக்கொண்டது. பிந்தி வந்தவர்கள் வெள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேக்கர் அருவி 20 மீற்றர், சின்னது, நல்ல குளிர்.

வியாழன்: தலவாக்கலை

கால் வலி எல்லோருக்கும். சென் கிளயர் அருவியைப் பார்க்க மட்டும் போனோம், 80 மீற்றர் உயரம், அகலம்தான் அதன் அழகு. மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிய பிறகு விட்ட அளவுக்குத்தான் விழுகிறது. அருவி விழுகிற இடத்தில் கடினப் பாறை, ஆறு அதை அறுக்க முடியாமல் தாவுகிறது. அறுக்க முடியாமல் என்றால் நம் ஆயுளுக்குள் முடியாமல். தண்ணீர் நிறுத்தாமல் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

"அறுத்த கல்லெல்லாம் எங்க போச்சு?" சின்னவன் கேட்டான். இந்தக் கிழமையிலேயே நல்ல கேள்வி அதுதான்.

படத்தை விரித்தோம். கொத்மலை ஓயா மகாவலியில் சேருகிறது, மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அப்புத்தளையில் நாங்கள் தொட்ட கார்னட்டின் மேலே இருந்து கரைந்துபோன பாறையில் ஒரு பங்கு மணலாகவும் சேறாகவும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். அங்கே கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது, கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி 3,000 மீற்றருக்கும் ஆழமாக இறங்குகிறது. திருகோணமலைத் துறைமுகம் ஆழமாக இருப்பதும், திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அந்த ஆழத்தோடு சேர்ந்த கதை. பிதுருதலாகலை நம் நாட்டின் மிக உயரமான மலை, 2,524 மீற்றர். பெரியவள் கழித்துப் பார்த்தாள். பிதுருதலாகலையை அப்படியே அதற்குள் இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது.

மூன்று பேருக்கும் ஒரே வாய். "திருகோணமலைக்கு எப்ப போறம்?" மச்சானுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாயிற்று, டிசம்பர் விடுமுறையில் கடல் கொந்தளிக்கும், சித்திரைக்குப் பார்ப்போம் என்கிறார். அதற்குள் சோனார் எப்படி ஆழம் அளக்கிறது என்று படித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், யாராவது தமிழில் நல்ல விளக்கம் எங்கேயாவது பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.